செய்தவர்

அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்த அன்று சாயங்காலமே கையெழுத்துப் போட்டாள். வினை அங்கேதான் தொடங்கியது.

அது பல் கட்டும் பட்டறை. கீழே வீடு, மாடியில் இரண்டு அறை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். இங்கே அதை அச்சாக வார்த்து, இல்லாத பல்லுக்குப் பீங்கானில் பல் செய்து, உலையில் சுட்டு, சின்னப் பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். பெட்டியோடு ஒரு சீட்டும் போகும். நோயாளியின் பெயர், பல்லின் நிறம், தேதி, கடைசியில் ‘செய்தவர்’ என்று ஒரு கட்டம். பத்தொன்பது வருஷமாக அந்தக் கட்டத்தில் ஒரே கையெழுத்துதான். பட்டறைக்காரருடையது.

பல்லைச் செய்தது அவர் மனைவி.

இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. கல்யாணமான புதிதில் கீழே தனியாக உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் மாடிக்கு வந்தவள், கிடந்த மெழுகைச் செதுக்கிப் பார்த்தாள். கை வந்தது. ஒரு வருஷத்துக்குள் அவர் அச்சு வார்ப்பது, உலோகம் உருக்குவது, டாக்டர்களோடு பேசுவது என்று தன் வேலையைச் சுருக்கிக்கொண்டார். முன்பல் என்றால் அவள்தான். இடது கைக்காரி. சின்ன வயதில் இடது கையால் எழுதியதற்காக விரல் முட்டியில் அடி வாங்கி வலது கைக்கு மாறியதால், அவள் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். பீங்கான் மாவை ஒற்றி வைக்கிற தூரிகைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அது இடது கையிலேயே இருந்தது.

“உன் எழுத்தப் பாத்தா டாக்டருங்க பல்லையும் சேத்து சந்தேகப்படுவாங்க” என்று முதல் வருஷம் அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். சீட்டை அவரே எழுதினார். அவ்வளவுதான் நடந்தது. டாக்டர்கள் போனில், “உங்க கை தனி சார்” என்பார்கள். “எல்லாம் உங்க ஆதரவு” என்பார் அவர். பக்கத்து மேசையில் குனிந்திருக்கும் அவளுக்கு அப்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். தெருவில் அவளுக்குப் பெயர் பல்லுக்காரர் வீட்டம்மா. அதுவும் மரியாதையான பெயர்தானே என்று இருந்துவிட்டாள்.

வேலை பெருகி, அவளுக்குக் கழுத்துவலி வந்தபிறகுதான் ஆள் வைத்தார்கள். வந்தவளுக்கு இருபத்துமூன்று வயது. இரண்டு வருஷம் இதையே படித்துச் சான்றிதழ் வாங்கியவள். ஜன்னல் ஓரத்து மேசை அவளுக்கு. முதல் நாள் ஒரு கடைவாய்ப் பல்லை முடித்துப் பெட்டியில் வைத்தாள். பட்டறைக்காரர் சீட்டுக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

“நான் செஞ்சது சார். நான்தானே போடணும்?”

“போடேம்மா. அதுக்கென்ன?” என்றார் அவர்.

*அதுக்கென்ன.* மூலையில் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்த வீட்டம்மாவின் காதில் அந்த ஒரு சொல் போய்த் தைத்தது. அவ்வளவு சுலபமா? கேட்டால் கிடைக்கிற பொருளா அது? கேட்காமல் இருந்தது யார் குற்றம் என்று யோசித்துப் பார்த்தாள். பதில் தனக்குச் சாதகமாக வரவில்லை. உடனே அந்தப் பெண்ணைப் பிடிக்காமல் போயிற்று. மனசுக்குள் அவளுக்கு ‘சர்ட்டிபிகேட்’ என்று பெயர் வைத்தாள்.

அப்புறம் எதைப் பார்த்தாலும் எரிந்தது. சர்ட்டிபிகேட் ஆறு மணி அடித்ததும் கையைக் கழுவி, மேசையைத் துடைத்து, பையை மாட்டிக்கொண்டு, “வரேன்க்கா” என்று படியிறங்கிப் போவாள். போனால் போனதுதான். வீட்டம்மாவுக்குப் படி இறங்கினால் அடுப்பு. சர்ட்டிபிகேட்டுக்கு ஞாயிறு உண்டு. காய்ச்சல் வந்தால் லீவு உண்டு. ஒருநாள் பட்டறைக்காரர், “இந்த ஓரத்த இன்னும் கொஞ்சம் இழைக்கலாமே” என்று சொன்னதற்கு, “வேணாம் சார், இழைச்சா பல்லு பலவீனமாயிடும்” என்று நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அதே பதிலை வீட்டம்மா நூறு தடவை சொல்லியிருப்பாள். “எல்லாந் தெரிஞ்ச மாதிரி பேசாத” என்றுதான் கிடைத்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு போன் வந்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மா பேசினாள். பட்டறைக்காரர் ஸ்பீக்கரில் போட்டார்.

“சீட்டுல புதுசா ஒரு கையெழுத்துப் பாத்தேனே, யாரு சார் அது? ரொம்ப சுத்தமான வேலை. அந்தப் பொண்ணுகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

சர்ட்டிபிகேட் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவள் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இந்த டாக்டரம்மாவுக்கு வீட்டம்மா பதினோரு வருஷமாகப் பல் செய்து அனுப்புகிறாள். ‘யாரு சார் அது’ என்று அந்தம்மா ஒருநாளும் கேட்டதில்லை. பெண்ணுக்குப் பெண் கேட்டிருக்கக் கூடாதா? அன்றைக்கு வீட்டம்மா செய்த பல் இரண்டு தடவை உலையில் விரிசல் விட்டது.

முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிப்பது நாத்தனார் கண்ணில் பட்டது. அடுத்த தெருவில் இருப்பவள். தம்பி வீட்டுக்கு வந்தால் பாத்திரத்தைக்கூடத் திறந்து பார்க்காமல் போகமாட்டாள். மாடிக்கு ஒரு நடை போய்விட்டு வந்து, குரலைத் தாழ்த்தினாள்.

“பொண்ணு கொஞ்சம் லட்சணமாத்தான் இருக்கா. நீயும் தலையச் சீவி, நல்லதா ஒண்ணு உடுத்திக்கிட்டு மேல போய் உக்காரேன். ஆம்பள மனசு எப்பவும் ஒரே மாதிரி இருக்காது.”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்றாள் வீட்டம்மா.

“ஒண்ணுமில்லாமயா உன் மூஞ்சி இப்படி இருக்கு? பொம்பளைக்கு வேற எதுல பொறாமை வரும்?”

வேறு எதில் வரும் என்று சொன்னால் நாத்தனாருக்குப் புரிந்திருக்காது. புருஷனை வைத்துப் பொறாமை என்றால் ஊரே பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்கிறது. ஒரு சின்னப் பெண்ணின் கையெழுத்து மேல் பொறாமை என்று எப்படிச் சொல்வது?

நாத்தனார் அதைத் தம்பியின் காதிலும் போட்டிருக்க வேண்டும். இரண்டு நாளில் பட்டறைக்காரரின் மீசை கறுத்தது. விசேஷத்துக்கு வைத்திருந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு அச்சு வார்க்கிற மாவைக் குழைத்தார். கண்ணாடியைப் பார்த்து, “நம்மளும் இன்னும் ஒருத்தி பொறாமப்படற அளவுக்கு இருக்கோம் போல” என்று முணுமுணுத்தது அடுப்படி வரை கேட்டது. அந்தச் சட்டையில் மாவுக்கறை போக வீட்டம்மாதான் தேய்க்க வேண்டியிருந்தது.

அந்த வாரம் டாக்டரம்மாவிடமிருந்து ஒரு பெரிய வேலை வந்தது. ஒரு பள்ளிக்கூட டீச்சர் படியில் விழுந்து முன்பல் நான்கும் போய்விட்டன. நான்கும் வரிசையாக, வாய் திறந்தால் முதலில் தெரிகிற இடம். இந்த மாதிரி வேலை எப்போதும் வீட்டம்மாவின் மேசைக்குத்தான் வரும். பட்டறைக்காரர் பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே ஜன்னல் பக்கம் போனார்.

“டாக்டரம்மா உன்னத்தான் செய்யச் சொல்லியிருக்காங்க” என்றார் அந்தப் பெண்ணிடம். மனைவியின் பக்கம் திரும்பி, “உனக்கும் கழுத்துவலி. கொஞ்சம் ஓய்வா இரு” என்றார்.

நான்கு நாள் வீட்டம்மா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாவு குழைக்கிற பதம், தூரிகை நுனியில் ஒற்றி ஒற்றி வைக்கிற நிதானம், உலையிலிருந்து எடுத்ததும் மூச்சுவிடாமல் பார்க்கிற பார்வை. குறை தேடினாள். கிடைக்கவில்லை. நான்கு பல்லும் அச்சில் உட்கார்ந்தபோது, பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்தவை மாதிரி இருந்தன. தனக்கு இந்தப் பக்குவம் வர ஏழு வருஷம் ஆனதை நினைத்தபோது அடிவயிற்றில் தீ வைத்த மாதிரி இருந்தது.

மத்தியானம். பட்டறைக்காரர் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சர்ட்டிபிகேட் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போயிருந்தாள். பெட்டி திறந்தே இருந்தது, சீட்டில் கையெழுத்து காய்ந்திருந்தது.

வீட்டம்மா இடது கையில் சுழலும் கருவியை எடுத்தாள். இரண்டு நடுப்பல்லில் ஒன்றின் உள்பக்க ஓரத்தை, பக்கத்துப் பல்லைத் தொடுகிற இடத்தை, ஒரு நூல் அளவு இழைத்தாள். ரப்பர் சக்கரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கினாள். அச்சில் பார்த்தால் அவ்வளவாகத் தெரியாது. வாயில் மாட்டி, வெளிச்சம் பட்டால் நடுவில் கறுப்பாக ஒரு கோடு தெரியும். பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. இத்தனை சுலபமாகவும் ஒரு பாவம் இருக்குமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பெட்டியை முன்பு இருந்த மாதிரியே வைத்துவிட்டுக் கீழே போய், புருஷனுக்கு மோர் ஊற்றினாள்.

மறுநாள் பதினோரு மணிக்குப் பெட்டி திரும்பி வந்தது. கூடவே டீச்சரும் வந்தாள். நேரில் ஒருதடவை பார்த்துச் சரிசெய்யுங்கள் என்று டாக்டரம்மா அனுப்பியிருந்தாள். நாற்பது வயதிருக்கும். கைக்குட்டையால் வாயை மூடியபடியே பேசினாள்.

“மூணு வாரமா இப்படித்தான். பசங்க முன்னாடி வாயத் திறக்க முடியல. கரும்பலகையில எழுதிப் போட்டே பாடம் நடத்திட்டேன். இன்னிக்கு முடிஞ்சிரும்னு நம்பி வந்தேன்.” கைக்குட்டைக்கு மேலே கண் நிறைந்தது. “கண்ணாடில பாத்தேன். நடுவுல ஓட்டை மாதிரி…”

வீட்டம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். டீச்சர் குடிப்பதற்காகத் திரும்பி, சுவரைப் பார்த்துக்கொண்டு, கைக்குட்டையை விலக்கினாள். அந்தத் திரும்பலை வீட்டம்மாவால் பார்க்க முடியவில்லை. நான்கு நாள் ஒருத்தி கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், அந்தப் பல்லுக்கு ஒரு வாய் உண்டு என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று டீச்சரை அனுப்பிவிட்டுப் பட்டறைக்காரர் ஜன்னல் பக்கம் வந்தார்.

“என்ன வேலை இது? நூல் அளவு இடைவெளி விட்டிருக்க. பத்தொம்பது வருஷத்துல எனக்கு ஒரு முன்பல் திரும்பி வந்ததில்ல. டாக்டரு ரெண்டு வார்த்த பாராட்டினதும் தலை கால் புரியல. இதுக்குத்தான் பொம்பளைங்களுக்கு ரொம்ப இடம் குடுக்கக் கூடாதுங்கறது!”

திட்டு விழுந்தது சர்ட்டிபிகேட்டின் தலையில். அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் இரண்டு பேருக்கும் பொதுவாக விழுந்தது. ‘எனக்கு’ ஒரு முன்பல் திரும்பி வந்ததில்லையாம். வீட்டம்மா தூரிகையைக் கீழே வைத்தாள்.

அந்தப் பெண் அழவில்லை. பல்லை எடுத்து, பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். பட்டறைக்காரர் டாக்டரம்மாவைச் சமாதானப்படுத்தக் கிளம்பிப் போனபிறகு, எழுந்து கதவோரத்து அலமாரியிடம் போனாள். மாதிரிக்காக வைத்திருக்கும் பழைய பற்கள் அங்கே வரிசையாக இருக்கும். இரண்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“அக்கா, கொஞ்சம் வாங்க.”

வீட்டம்மா போனாள்.

“இந்தக் கோடெல்லாம் பாருங்க. இழைச்ச கோடு இந்தப் பக்கம் சாயுது. வலது கைக்காரங்க இழைச்சா அந்தப் பக்கம் சாயும். நான் வலது கை. சாரும் வலது கை.” நிமிர்ந்து பார்த்தாள். “அலமாரில இருக்கற மாதிரிப் பல்லு அத்தனையும் இடது கை வேலை. வந்த மொத நாளே பாத்தேன். இதச் செஞ்சவங்ககிட்டக் கத்துக்கணும்னுதான் இந்தச் சம்பளத்துக்கு ஒத்துக்கிட்டேன். காலையில நீங்க மேல வர்றதுக்கு முன்னாடி ஒண்ணொண்ணா எடுத்துப் பாப்பேன்.”

பத்தொன்பது வருஷத்தில் வீட்டம்மாவின் கையை அடையாளம் கண்டு சொன்ன முதல் ஆள் இவள்தான். அதைக் கேட்க வேண்டிய நேரம் இதுவா!

“நான்தான் செஞ்சேன்” என்றாள். பழைய பல்லைச் சொன்னாளா, இழைத்ததைச் சொன்னாளா என்று பிரிக்க முடியவில்லை. இரண்டும் உண்மை.

“ஏன்க்கா?”

“நீ கையெழுத்துப் போட்ட. எனக்குப் பொறுக்கல.”

அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது. “உங்க பேர எழுத உங்களுக்குத் தைரியம் வரல. என் பேர அழிக்கறதுக்கு மட்டும் எப்படிக்கா தைரியம் வந்துச்சு? சார்தானே உங்க சீட்டுல தன் பேரப் போட்டாரு, அவர் பல்லுல போய் இழைக்க வேண்டியதுதானே?”

அவர் மேல் வந்திருக்க வேண்டிய கோபம், கைக்கு எட்டின இடத்தில் இருந்தவள் மேல் இறங்கிவிட்டது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

பட்டறைக்காரர் திரும்பி வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்குள் வீட்டம்மா சொல்லிவிட்டாள். தள்ளிப்போட்டால் வாய் வராது என்று பயம்.

அவர் முதலில் திகைத்தார். பிறகு, அவள் எதிர்பார்க்காத மாதிரி, மெல்லச் சிரித்தார். கறுத்த மீசையைத் தடவிக்கொண்டார்.

“அசடு. என் மேல இவ்ளோ ஆசைய வெச்சுக்கிட்டு இப்படியா பண்ணுவ? அந்தப் பொண்ணு எனக்கு மக மாதிரி. என்னப் போய்ச் சந்தேகப்படலாமா?”

“உங்க மேல யாருக்கு என்ன சந்தேகம்?” என்றாள் வீட்டம்மா. “உங்கள யாரு கொத்திட்டுப் போகப் போறா? எனக்கு அவ சீட்டு மேலதான் பொறாமை. இத்தன வருஷமா நான் செஞ்ச பல்லுல உங்க பேரு ஊரெல்லாம் சிரிச்சிட்டிருக்கு. அவ வந்த அன்னிக்கே அவ பேர எழுதிக்கிட்டா. ‘அதுக்கென்ன’ன்னீங்க.”

அவர் சிரிப்பு நின்றது. பல்லை இழைத்ததைவிட, பெயரைப் பற்றிச் சொன்னதைவிட, அந்த ‘யாரு கொத்திட்டுப் போகப் போறா’தான் அவரை அதிகம் வருத்தியது என்பது முகத்திலேயே தெரிந்தது. “நீ கேட்டதே இல்லையே” என்று மட்டும் சொன்னார்.

“கேட்டதில்லதான்.”

“கேட்டிருந்தா?”

“நீங்களே சொல்லுங்க.”

அவர் யோசித்தார். யோசிக்க அவருக்கு அவ்வளவு நேரம் பிடித்ததே போதுமான பதிலாக இருந்தது.

நான்கு பல்லையும் வீட்டம்மா புதிதாகச் செய்ய உட்கார்ந்தாள். சர்ட்டிபிகேட் விடவில்லை. “என் வேலைய நானே முடிக்கிறேன்” என்றாள். இழைத்த ஒன்றை மட்டும் மறுபடி செய்து, நான்கையும் அனுப்பி வைத்தாள். வீட்டம்மாவே கிளினிக்குக்குப் போய் டாக்டரம்மாவிடமும் டீச்சரிடமும் தப்பு யாருடையது என்று சொன்னாள். டீச்சர் புதுப்பல்லோடு அவளை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள், பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். மன்னித்தாளா என்று தெரியவில்லை.

மாதக் கடைசியில் அந்தப் பெண் வேலையை விட்டாள். பாலத்துக்கு அந்தப்புறம் வேறு பட்டறையில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். “உங்ககிட்ட கத்துக்கணும்னு வந்தேன்க்கா. இனிமே பெட்டியத் திறந்து போட்டுட்டுச் சாப்பிடப் போக முடியாது” என்றாள். நியாயம்தான். இருக்கச் சொல்லி வீட்டம்மா கெஞ்சவில்லை. அவள் படியிறங்கிப் போன பிறகு ஜன்னல் மேசையில் போய் உட்கார்ந்து பார்த்தாள். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. அங்கேயே இருந்துவிட்டாள்.

அதன் பிறகு சீட்டில் தன் பெயரைத் தானே எழுதினாள். கோணல்மாணலாகத்தான் இருந்தது. பட்டறைக்காரர் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மீசையும் பழையபடி வெளுத்தது. படிக்காதவங்க கை வைக்கிற இடமா என்று இரண்டு டாக்டர்கள் வேலை அனுப்புவதை நிறுத்தினார்கள். அதே கை பத்தொன்பது வருஷமாக அவர்கள் நோயாளிகளுக்குப் பல் செய்ததை எடுத்துச் சொல்லியும் பயனில்லை. மற்றவர்களில் பாதிப் பேர் கையெழுத்து மாறியதையே கவனிக்கவில்லை. “பட்டறைய மூடித்தான் ஓய்வ போல” என்று நாத்தனார் வந்து கத்திவிட்டுப் போனாள். அவள் கத்தும்போது பதிலுக்குப் பேசியவர் பட்டறைக்காரர். “அவ வேலை, அவ எழுதறா. உனக்கென்னக்கா?” அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. அதுவே அவரைப் பொறுத்தவரை பெரிய பேச்சு.

பொறாமை தீர்ந்ததா என்றால், இல்லை.

ஆறேழு மாதம் கழித்து ஒரு வேலையைக் கொடுக்கக் கிளினிக்குக்குப் போனபோது டாக்டரம்மா ஒரு பெட்டியைத் திறந்து காட்டினாள். பாலத்துக்கு அந்தப்புறத்திலிருந்து வந்தது. ஒற்றை முன்பல். வீட்டம்மா அதை ஜன்னலிடம் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நுனி ஓரத்தில், உயிருள்ள பல்லில் மட்டுமே இருக்கும் அந்த இலேசான நீலம், கண்ணாடி மாதிரி, இருந்தும் இல்லாமலும். அவளுக்கு ஒருநாளும் அது அப்படி வந்ததில்லை. அடிவயிற்றில் அதே தீ.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் போன் போட்டாள்.

“நான்தான். பல்லுக்கார…” நிறுத்தினாள். “நான்தான் பேசறேன்.”

“தெரியுதுக்கா.” அந்தக் குரலில் இன்னும் தூரம் இருந்தது.

“டாக்டரம்மாகிட்ட உன் பல்லு பாத்தேன். நுனில அந்த நீலத்த எப்படிக் கொண்டுவந்த?”

எதிர்முனையில் உலையின் மணி அடித்தது.

“பாத்ததும் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“வயிறு எரிஞ்சுது.”

சட்டென்று ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது, அடக்கப் பார்த்து அடங்காத சிரிப்பு. “அப்போ சொல்ல மாட்டேன்க்கா.”

“சொல்லாட்டிப் போ. நானே கண்டுபிடிச்சுக்கறேன்” என்று வீட்டம்மா போனை வைத்தாள்.

பட்டறைக்காரர் கீழேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டார். “எடுத்துப் போட்டுச் சாப்பிடுங்க, எனக்கு வேலை இருக்கு” என்று குரல் கொடுத்துவிட்டு, பீங்கான் மாவு டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மேசையில் வரிசையாக வைத்தாள்.